மலையகத்தின் பழமையும் சட்டத்தின் காலக்கோடும்

மழை பொய்த்த ஆண்டுகளில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் தாழும்பொழுது பழைய மஸ்கெலியா வெளிப்படுவதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். கோயிலின் சுவரும், பள்ளிவாசலின் சிதைவும், விகாரையின் எச்சமும் சேற்றினின்று தலைநீட்டும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். மழை பெய்ததும் அவை மீண்டும் நீருள் மறையும். 1969-ஆம் ஆண்டில் மின்சாரத்தின் பொருட்டு அப்பள்ளத்தாக்கு நீருக்குக் கொடுக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்கு இன்றியமையாதது என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், ஓர் ஊரை மூழ்கடிக்குமுன் அவ்வூரில் இருந்தவற்றை ஆராய்ந்து மதிப்பிட்டேயாக வேண்டும் என்னும் விதி அக்காலத்தில் இருக்கவில்லை.

அவ்விதி பின்னரே வந்தது. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1998-இல் திருத்தப்பட்டது. அதன்கீழ் 2000-ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளின்படி, கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நடைபெறும் அபிவிருத்திப் பணிகளுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும். கால் ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 99 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் வீதம் பதினைந்து வீடுகளுக்கு நிலம் பிரித்தால் அவ்வளவு தாண்டிவிடும். ஆகவே நம் தோட்டங்களில் எழும் வீட்டுத் திட்டங்கள் பலவும் பரப்பளவால் இதற்குள் அடங்கத்தக்கனவே.

அங்ஙனமாயின் குறை எங்கே? சட்டம் எதனைப் புராதனச் சின்னம் என்கிறது என்று பார்த்தல் வேண்டும். 1815-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதிக்கு முற்பட்டதே புராதனச் சின்னம். அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். கோப்பித் தோட்டங்கள் கம்பளைப் பக்கத்தில் தோன்றியது 1820-களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867-இல். மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு முழுவதும் அக்கோட்டுக்கு இப்பாலே கிடக்கிறது! இதில் எவருடைய தீய எண்ணமும் இருந்ததாக நான் கருதவில்லை. 1940-இல் சட்டம் வரைந்தோருக்கு 125 ஆண்டு போதிய பழமையாகத் தோன்றியிருக்கும். நூறாண்டு கடந்த சின்னத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனம் செய்யலாம் என்ற கதவும் சட்டத்திலேயே உண்டு. அக்கதவைத் தட்டுவாரைத்தான் காணோம்.

துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. கந்தப்பளையில் தேயிலை ஸ்டோர் ஒன்றே 1990-களில் ஹோட்டலாயிற்று. பழைய இயந்திரங்களை இன்றும் அங்கே காணலாம். நுவரெலியாவின் செங்கல் அஞ்சற்காரியாலயம் 1894-இல் கட்டப்பட்டது. அதனை ஹோட்டலுக்கு வழங்கும் பேச்சு எழுந்தபொழுது, 2023-இல் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தமே செய்தனர். நன்று. லயத்துக்கு அத்தகைய காவலர் இல்லை. இல்லாததற்குக் காரணமும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், புகையிலும் ஒழுக்கிலும், ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தைப் போற்றிக் காப்பாற்றுங்கள் என்று அங்கு வாழ்வோரிடமே போய்ச் சொல்வது கொடுமை. வீடு வரட்டும்; லயம் இடிபடட்டும்.

இடிபடுமுன் அதனை அளந்து வரைதல் ஆகாதா? அறைகளின் அளவு, தகரம் எப்பொழுது வேயப்பட்டது, பிரட்டுக்களம் எங்கிருந்தது, பிள்ளைக் காம்பரா எது, மரத்தடி மாரியம்மனை முதலில் வைத்தவர் எவர், மேட்டிலுள்ள கல்லறைகளில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மலைக்கு என்ன பெயர் என்பனவெல்லாம் இன்று சில முதியோரின் நினைவில் மாத்திரமே இருக்கின்றன. கம்பளைப் பக்கத்தில் பழைய லயமொன்றே தொழிலாளர் அருங்காட்சியகமாக விளங்குகிறது. தோட்டந்தோறும் அத்தகையது வேண்டுமென்பதில்லை. ஒரு வரைபடமும் சில நிழற்படங்களும் பத்துப் பக்கக் குறிப்பும் எந்த வீட்டுத் திட்டத்தையும் தாமதப்படுத்தமாட்டா.

இதற்குப் புதுச் சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணியாற்றலாம். வீட்டுத் திட்டத்துக்கான நிலப்படம் வரும்பொழுது, அந்நிலத்தில் நிற்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டடங்களின் பட்டியலையும் அதனுடன் இணைக்குமாறு சபைகள் கேட்கலாம். பாதுகாக்கத் தக்கன ஒன்றிரண்டு இருப்பின் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதலாம். அளந்து வரையும் வேலைக்கு எம்போன்ற பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் போதும். அளவு நாடாவும், விவரம் சொல்ல ஒரு பாட்டியும் இருந்தால் இரண்டு சனிக்கிழமைகளில் ஒரு லயத்தை முடித்துவிடுவர். வீடுகளுக்கு நிலம் ஒதுக்கப்பட்டு, இன்னும் மண்வெட்டி விழாத தோட்டங்களில் முதலில் தொடங்கலாம்.