ஓமந்தையைக் கடந்து செல்லும் வர்த்தகமும் உள்ளூராட்சித் தலைவர்களின் பொறுப்பும்

வவுனியா நகருக்கு வடக்கே ஏ-9 வீதியில் சுமார் 12 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஓமந்தை, ஒரு காலத்தில் வடக்கே செல்லும் ஒவ்வொரு லொறியும் நிறுத்தப்பட்ட இடமாகும். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னர் அங்கு அமைந்த சோதனைச் சாவடியில் பொதிகள் இறக்கப்பட்டதையும், மீள ஏற்றப்பட்டதையும், பொருளுடன் காத்திருந்த வியாபாரிகளையும் எமது வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்நிலை இல்லை. 2025 ஏப்ரலில் புனரமைக்கப்பட்ட மாஹோ - ஓமந்தை ரயில் பாதையை இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் ஒருங்கே திறந்து வைத்தனர். ஆயினும் ஓமந்தையில் விளையும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் ஓமந்தையிலேயே நல்ல விலை கிடைக்கின்றதா என்பது வேறு கேள்வியாகும்.

இக்கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவடைந்த பின்னர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளே அவற்றை நடத்தினர். 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலிலேயே வவுனியா முதன்முறையாக மாநகர சபையாக வாக்களித்தது. நகரத்திற்கு மேயர் என்ற பதவி வந்துள்ளது. ஓமந்தை போன்ற கிராமப்புறங்களுக்குப் பிரதேச சபைத் தவிசாளரே பொறுப்பு. பெயர் வேறாயினும், தொழில் முயற்சிகளைப் பொறுத்தவரை இருவரது கையிலும் உள்ள கருவிகள் பெரும்பாலும் ஒன்றே.

அக்கருவிகள் எவை என்பதில்தான் எமது அரசியல்வாதிகளுக்குத் தெளிவு குறைவு. உள்ளூர் வர்த்தகத்தை வளர்ப்பது என்றவுடன் கொழும்பிலிருந்து பெருந்திட்டம் ஒன்றைப் பெற்றுக்கொள்வதே அவர்களது நினைவுக்கு வருகிறது. இதன் விளைவை 2016இல் கண்டோம். வடக்கிற்கென அறிவிக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைக்க வேண்டும் என அன்றைய முதலமைச்சர் சி.வி.விக்னேஸ்வரன் வலியுறுத்தினார். மற்றொரு சாரார் நகருக்கு அண்மையிலுள்ள தாண்டிக்குளமே பொருத்தம் என்றனர். மாதக்கணக்கில் நீண்ட அவ்விவாதத்திற்கு இனச்சாயமும் பூசப்பட்டது. ஈற்றில் இரண்டுமின்றி மதவுவைத்தகுளத்தில் கட்டடம் எழுந்தது. கட்டி முடித்த பின்னரும் அது பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது! 1999இல் தொடங்கிய தம்புள்ளை நிலையத்தை நோக்கி வன்னி விவசாயியின் மரக்கறி மூட்டைகள் தொடர்ந்தும் சென்றன. இடத்திற்காக வாதிட்டவர்கள், அங்கு யார் வாங்குவார், யார் விற்பார், எடையை யார் பார்ப்பார் என்பதை அதே அக்கறையுடன் பேசவில்லை.

உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டம் ஏற்கனவே கொடுத்துள்ள அதிகாரங்கள் சிறியவை போலத் தோன்றினும் அவை அன்றாட வியாபாரத்தை நேரடியாகத் தொடுபவை. பொதுச் சந்தை, கடைகளின் குத்தகை, வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட அனுமதி, உள்வீதிகள், கழிவகற்றல் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தைகளில் விவசாயியின் பொருளில் பத்து வீதம் கழிவாக எடுக்கப்படும் வழக்கம் நெடுங்கால முறைப்பாடாக இருந்து வருகின்றது. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுவருபவர் தொண்ணூறு கிலோவுக்கே பணம் பெறுகிறார். இத்தகைய வழக்கம் தனது சந்தையில் நடக்கக்கூடாது எனக் குத்தகை நிபந்தனையில் எழுதி, பொதுத் தராசு ஒன்றையும் வைப்பதற்குப் பெருநிதி தேவையில்லை.

கடைகளை ஒதுக்கும் விடயம் இதனினும் நுட்பமானது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின்னர் திரும்பிவந்த வடபுல முஸ்லிம் வர்த்தகரும், 2009இல் யாவற்றையும் இழந்து முகாமிலிருந்து மீண்ட தமிழ்க் குடும்பத் தலைவியும் ஒரே சந்தையில் இடம் கோருகின்றனர். கடை எவருக்கு, என்ன அடிப்படையில், எவ்வளவு வாடகைக்கு வழங்கப்பட்டது என்ற பட்டியல் சபை வாயிலில் ஒட்டப்படாவிடின் ஒவ்வொரு ஒதுக்கீடும் சமூகங்களுக்கிடையே சந்தேகத்தை விதைக்கும். வெளிப்படையான கேள்விப்பத்திர முறை இங்கு நல்லிணக்கக் கூட்டங்கள் பலவற்றைவிடப் பயன் தரும் என்பது எமது கருத்து.

கொலம்பியாவின் மெடலின் நகரம் 1990களின் தொடக்கத்தில் உலகிலேயே கொலைகள் மலிந்த நகரங்களுள் ஒன்றாக இருந்தது. 2004 முதல் 2007 வரை அங்கு மேயராக இருந்த செர்ஜியோ ஃபஜார்டோவின் நிர்வாகம் வறிய குடியிருப்புகளுக்குள்ளேயே தொழில் ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. சிறுகடனுக்கும் வழி செய்தது. தையற்காரரும் பலகாரம் செய்வோரும் நகர மையத்துக்கு அலையாமல் தம் தெருவிலேயே கணக்கெழுதவும் கடன் கேட்கவும் கற்றனர். அந்நகரின் வருவாய் எமது சபைகளுக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் கிழமைக்கு ஒரு நாள் ஓமந்தையில் ஓர் உத்தியோகத்தரை இருத்தி, அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை அங்கேயே பெறுவதற்கு அவ்வளவு வருவாய் வேண்டியதில்லை.

தொழிற்பயிற்சி உள்ளூராட்சி மன்றத்தின் நேரடி அதிகாரத்தில் இல்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தொழில்நுட்பக் கல்லூரியும் மத்திய அரசின் கீழ் இயங்குகின்றன. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம், வணிகக் கற்கைகள் பீடத்துடன் பம்பைமடுவில் உள்ளது. இவற்றை ஒரு மேசையில் அமர்த்தும் தகுதி மேயருக்கும் தவிசாளருக்கும் உண்டு. அறுவடை இயந்திரமும் நீர்ப்பம்பியும் பழுதானால் திருத்துவதற்கு எத்தனை பேர் தேவை, நெல்லையும் பாலையும் பதப்படுத்தி விற்க எவர் முன்வந்துள்ளனர் என்ற விபரத்தைச் சபையே திரட்டிக் கொடுத்தால் பயிற்சிநெறிகள் ஊரின் தேவைக்கேற்ப அமையும்.

சபைகளின் அடுத்த வரவு செலவுத் திட்டம் தயாரிக்கப்படும்போதும், சந்தைகளுக்கான வருடாந்தக் குத்தகை அறிவித்தல் வெளியாகும்போதும் ஓமந்தை விவசாயிகளும் வவுனியா வர்த்தக சங்கத்தினரும் அவற்றின் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.