எஸ்பிஎம் இல்லையா? தாமாகவே படித்துப் பல்கலைக்கழகம் செல்ல என்னென்ன தகுதிகள் தேவை?

குடும்பச் சூழலால் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள் நம்மிடையே பலர். போர்ட் கிள்ளான் கிடங்குகளிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் பத்து ஆண்டுகள் உழைத்த பிறகு, “இனி பட்டம் படிக்க முடியுமா?” என்று கேட்பவர்களும் உண்டு. முடியும். ஆனால், எந்த வழி தமக்கு ஏற்றது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

வழி 1: தனியார் தேர்வராக எஸ்பிஎம்

பள்ளியில் பயிலாதவர்களும் தேர்வு வாரியத்தில் தனியார் தேர்வராகப் பதிந்து எஸ்பிஎம் எழுதலாம். 2013ஆம் ஆண்டு முதல் மலாய்மொழி, வரலாறு ஆகிய இரண்டிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். மற்றப் பாடங்களில் எத்தனை ‘ஏ’ இருந்தாலும் இதற்கு விலக்கு இல்லை. இவ்விரு பாடங்களில் தவறியவர்களுக்கு எஸ்பிஎம் மறுதேர்வும் உண்டு.

மலாய்மொழியில் வெறும் தேர்ச்சியோடு நின்றுவிடாமல், கிரெடிட் பெறுவது நல்லது. எஸ்பிஎம் தகுதிக்கும் அதற்கு மேலான கல்வித் தகுதிக்கும் உரிய அரசாங்க வேலைகளுக்கு அது தேவைப்படும்.

வழி 2: தனியார் தேர்வராக எஸ்டிபிஎம்

மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்டிபிஎம் தேர்வையும் தனியாகப் பதிந்து எழுதலாம். 2012 முதல் இது மூன்று தவணைகளாக நடைபெறுகிறது. தமிழ்மொழியும் ஒரு பாடமாக உள்ளது. எழுத்துத் தேர்வுடன் சில பாடங்களுக்குச் செய்முறை அல்லது பாடப்பணியும் இருப்பதால், அவற்றைத் தனியார் தேர்வர் எப்படிச் செய்ய வேண்டும் என்பதைப் பதிவின்போதே கேட்டறிவது அவசியம்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்க, எஸ்டிபிஎம்மில் குறைந்தது 2.00 புள்ளி சராசரி வேண்டும். பொதுப்பாடத்திலும் மேலும் இரு பாடங்களிலும் குறைந்தது ‘சி’ பெற்றிருக்க வேண்டும். இவற்றோடு எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட்டும் மூவேட் ஆங்கிலத் தேர்வு முடிவும் தேவை. எனவே எஸ்டிபிஎம் மட்டும் கையில் இருந்தால் போதாது.

வழி 3: வேலை அனுபவமே தகுதி

எஸ்பிஎம் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஏப்பல்.ஏ எனும் திட்டம் உள்ளது. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏ இதை மேற்பார்வையிடுகிறது. வேலையிலும் பயிற்சியிலும் கற்றதை மதிப்பிட்டு, கல்லூரியில் சேர இது அனுமதி தருகிறது. வயது வரம்பு:

• சான்றிதழ் படிப்பு – 19 வயதும் அதற்கு மேலும்
• டிப்ளோமா – 20 வயதும் அதற்கு மேலும்
• இளங்கலைப் பட்டம் – 21 வயதும் அதற்கு மேலும்
• முதுகலைப் பட்டம் – 30 வயதும் அதற்கு மேலும். எஸ்டிபிஎம், டிப்ளோமா அல்லது அதற்கு நிகரான கல்வியும் வேண்டும்

படிக்க விரும்பும் துறை சார்ந்த அனுபவம் முக்கியம். எடுத்துக்காட்டாக, கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவருக்குத் தளவாட நிர்வாகப் படிப்பு பொருத்தமாக அமையும். மொழித்திறன், கணக்கு, பொது அறிவு போன்றவற்றைச் சோதிக்கும் திறனறித் தேர்வும், அனுபவத்தைக் காட்டும் ஆவணக் கோப்பும் உண்டு. முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்கலாம்.

மறந்துவிடக் கூடாதவை

ஏப்பல்.ஏ படிப்பில் சேர்வதற்கான நுழைவுச் சீட்டு மட்டுமே. அது எஸ்பிஎம் சான்றிதழுக்கு ஈடாகாது. அந்த வழியில் பட்டம் பெற்றவரிடமும், அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்பிஎம் மலாய்மொழி கிரெடிட் கேட்கப்படும். ஆகவே, பட்டப்படிப்போடு மலாய்மொழித் தேர்வையும் எழுதி முடிப்பது பாதுகாப்பு.

சட்டம், மருத்துவம், பொறியியல் போன்ற தொழில்களுக்கு அவற்றின் வாரியங்கள் தனி நிபந்தனைகள் வைத்துள்ளன. வழக்கறிஞராக விரும்புபவர், லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பில் சேருமுன், தமது நுழைவுத் தகுதியைச் சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்குமா என்று விசாரிக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

இறுதியாக, கல்லூரி முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உள்ளதா என்பதை எம்கியூஏ அகப்பக்கத்திலுள்ள தகுதிப் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். தேர்வுப் பதிவுத் தேதியும் கட்டணமும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவதால், விண்ணப்பிக்கும் முன் அதிகாரப்பூர்வ அகப்பக்கங்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.