புரட்சியின் புதல்வியரும் வம்சாவளிச் சான்றும்

முன்னோரின் புகழைப் பேணும் சங்கங்கள் பெரும்பாலும் ஆடவரால் ஆடவருக்கென்றே அமைக்கப்பட்டவை. 1889-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வர்’ சங்கமும் இதற்கு விலக்கன்று. 1775 முதல் 1783 வரை நடந்த விடுதலைப் போரில் பங்குகொண்டோரின் வழித்தோன்றல்களுக்கு உரியது அச்சங்கம். பெண்களைச் சேர்க்கலாமா என்ற வினா எழுந்தபோது, சேர்ப்பதில்லை என்று 1890-இல் அது தீர்மானித்தது. ஒரே பாட்டனாரின் பேரனுக்குக் கிடைத்த மதிப்பு பேர்த்திக்குக் கிடையாதாயிற்று.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மேரி ஸ்மித் லாக்வுட் என்னும் அம்மையார் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் இதற்கு மறுமொழி எழுதினார். அவர் வாதம் செய்யவில்லை. கதை ஒன்று சொன்னார். 1776-இன் இறுதியில், நியூ ஜெர்சியில், ஆங்கிலேயர் அளிக்க முன்வந்த மன்னிப்பை ஏற்றுப் பணிந்துவிடலாம் என்று தம் கணவரும் நண்பர்களும் ஆலோசித்த அறைக்குள் ஹன்னா ஆர்னெட் நுழைந்து அவர்களைக் கடிந்துகொண்டார் என்பதே அக்கதை. அந்தப் பெண்மணிக்கு இடமளிக்காத தேசபக்தி எத்தகையது என்பது லாக்வுட்டின் கேள்வி. அதே ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் வாஷிங்டனில் பதினெட்டுப் பெண்கள் கூடி ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ சங்கத்தை நிறுவினர். அன்றைய குடியரசுத் தலைவரின் துணைவியார் கரோலின் ஹாரிசன் அதன் முதல் தலைவியானார்.

பதினெட்டு வயது நிறைந்தவளாயும், விடுதலைக்கு உதவிய ஒருவரின் நேர் வழியில் பிறந்தவளாயும் இருத்தல் வேண்டும் என்பது உறுப்பினருக்கான விதி. உதவி என்பது போர்முனைப் பணி மட்டுமன்று. படைக்குத் தானியம் அளித்தவர், குடியரசின் அலுவல் பார்த்தவர், விசுவாசப் பிரமாணம் செய்தவர் ஆகியோரும் முன்னோராகக் கொள்ளப்படுவர். இவ்வகையில் பெண்களும் முன்னோராக ஏற்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது.

ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குச் சான்று காட்டவேண்டும். இங்கேதான் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடும், குடும்ப வேதாகமத்தின் வெற்றுத்தாள்களில் பாட்டிமார் எழுதிவைத்த பெயர்களும் பயன்படுகின்றன. போர்வீரரின் விதவைகள் ஓய்வூதியம் கோரியபோது, தங்கள் திருமணத்தை மெய்ப்பிக்க வேதாகமத்தின் அத்தாள்களையே கிழித்து அரசுக்கு அனுப்பியதும் உண்டு. அவை இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நம் ஆலயங்களில் பதிவேடுகளைச் செல்லரிக்க விட்டிருக்கும் ஆயர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

விலக்கப்பட்டவர் நிறுவிய சங்கம் பிறரை விலக்கத் தயங்கவில்லை. 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு ஹோவர்ட் பல்கலைக்கழகம் சங்கத்தின் அரங்கத்தைக் கேட்டபோது, அது மறுக்கப்பட்டது. எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் உறுப்பினர் பதவியைத் துறந்தார். அவ்வாண்டின் உயிர்த்தெழுதல் பண்டிகையாகிய ஏப்ரல் 9-ஆம் நாள், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேருக்கு ஆண்டர்சன் பாடினார்.

உறுப்பினர் பட்டியலிலோ, கறுப்பினத்தவர் என அறியப்பட்ட முதற்பெண் 1977-இல்தான் சேர்ந்தார். லீனா பெர்கூசன் என்பவர் வெள்ளை இன முன்னோர் ஒருவரின் வழியில் வந்தவர். சான்றுகள் இருந்தும் வாஷிங்டன் நகரக் கிளையொன்றில் சேர இயலாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். செய்தி 1984-இல் நாளிதழில் வெளிவந்த பின்னரே கதவு திறந்தது. தம்மைச் சேர்த்துக்கொண்டதோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. புரட்சியில் போரிட்ட கறுப்பினத்தவரின் பெயர்களைச் சங்கமே தேடி வெளியிடவேண்டும் என்று உடன்பாடு பெற்றார். உறுப்புரிமையைவிட இதுவே பெரிது என்பது என் கருத்து.

ஏனெனில் ஆவணம் நடுநிலையானதன்று. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் உடையவரின் பெயருக்குக் கீழ் வயது, பால், நிறம் ஆகியவை எழுதப்பட்டன. அடிமையின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவுமில்லை. இரத்தம் இருந்தும் தாள் இல்லை.

சங்கம் 2008-இல் வெளியிட்ட பெருநூலில் கறுப்பினத்தவரும் அமெரிக்கப் பழங்குடியினருமாக 6,600-க்கும் மேற்பட்டோர் இடம்பெற்றுள்ளனர். அவர்களுட் சிலர் பழைய படைப் பட்டியல்களில் குடும்பப் பெயரின்றி ஒற்றைப் பெயரோடு நிற்கின்றனர்.