வலைத்தளங்களில் மறுமொழிக் கருவியும் வாக்குக் கருவியும்

கி.பி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை சென்னைக் கடற்கரையைத் தாக்கியபொழுது, மயிலாப்பூருக்குக் கிழக்கே கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ள நொச்சிக்குப்பமும் அதன் அண்டைக் குப்பங்களும் அலைவாய்ப்பட்டன. அந்நிகழ்ச்சியைத் தமிழர் எவ்வாறு எழுதினர் என ஆராயப் புகுவார்க்குச் செய்தித்தாள்கள் மட்டும் போதா. தமிழில் வலைப்பதிவு தோன்றி அப்பொழுது ஈராண்டு நிறையும் காலம். பதிவர் எழுதியவற்றுட் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. படித்தோர் அவற்றின் அடியில் எழுதிய மறுமொழிகளோ எல்லாம் கிடைப்பன அல்ல. மூலம் நிற்க, அதனைத் தொடர்ந்த உரையாடல் மறைந்தது யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இணையத்தில் வாசகர் கருத்தை ஏற்கும் வழி முதற்கண் ‘விருந்தினர் ஏடு’ என்ற உருவில் அமைந்தது. மாட் ரைட் என்பார் 1995இல் பெர்ல் மொழியில் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களுள் அஃது ஒன்று. அதனை நிறுவ வேண்டுமாயின், தளத்தைத் தாங்கும் வழங்கியில் நிரலை இயக்கும் உரிமை வேண்டும். இலவச இடத்திற் குடியிருந்த சிறு தளத்தார்க்கு அவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. 1999இல் தோன்றிய பிளாக்கர்கூட 2004 மே திங்கள் வரை தனக்கெனச் சொந்த மறுமொழி வசதி கொண்டிருந்ததன்று. இக்குறையை நிரப்ப எழுந்தவையே ஹாலோஸ்கேன் போன்ற ஆயத்தக் கருவிகள். பதிவர் செய்யவேண்டுவது, தம் வார்ப்புருவில் ஓரிரு வரி நிரலை ஒட்டுதலே. பக்கம் திறக்குங்கால் அவ்வரி வேறொரு வழங்கியினின்று மறுமொழிகளை வரவழைத்துக் காட்டும். வாசகர் எழுதுவதும் அவ்வழங்கியிலேயே சென்று தங்கும். வீடு நம்முடையது, பெட்டகம் அயலாருடையது என்க.

தமிழில் இவ்வகைக் கருவியின் வரலாறு தமிழ்மணத்தோடு பிணைந்தது. காசி ஆறுமுகம் 2004 ஆகஸ்டில் தொடங்கிய இத்திரட்டி, சிதறிக்கிடந்த பதிவுகளை ஒருங்கு காட்டியதோடு அமையாது, பதிவர் தத்தம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளக் கருவிப்பட்டை ஒன்றையும் வழங்கியது. இடுகையைத் திரட்டிக்கு அனுப்புதலும், ஆதரவாகவோ எதிராகவோ வாக்களித்தலும் அப்பட்டைவழி நிகழ்ந்தன. எங்கெங்குப் புதிய மறுமொழி வந்துள்ளது என்பதையும் திரட்டி காட்டிற்று. ஆகலின், ஒருவர் எழுத்தின் அடியில் நிகழ்ந்த உரையாடல் அவர் வாசகரோடு நில்லாது அனைவர் பார்வைக்கும் வந்தது. பிறர் பெயரிற் புனைந்தெழுதுவாரும் மிக்கனர். அதன் விளைவாகவே ‘மட்டுறுத்தல்’ என்னும் சொல் பதிவரிடையே பெருவழக்காயிற்று. பின்னூட்டம், மறுமொழி, கருத்துரை என மூன்று சொற்கள் அக்காலத்தில் ஒரு பொருண்மேல் வழங்கின. அவற்றுட் பின்னூட்டம் பொறியியலார் வழக்கினின்று வந்தது. மறுமொழியே பொருட்பொருத்தம் உடையதென்பது எம் கருத்து.

வாக்குக் கருவியின் இயல்பு சற்று வேறானது. அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில் 2006இல் தோன்றிய போல்டாடி, வினாவும் விடைகளும் எழுதினால் ஒட்டத்தக்க நிரலை உடனே தந்தது. அதனை 2008இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கிற்று. 2018 முதல் அதன் பெயர் க்ரவுட்சிக்னல். ஒருவர் இருமுறை வாக்களியாமற் காக்க இத்தகைய கருவிகள் கைக்கொண்ட வழி, உலாவியில் குக்கி எனும் சிறு குறிப்பை இடுதலும் இணைய முகவரியை நோக்குதலும் ஆம். குறிப்பை அழித்தவர் மீண்டும் வாக்களிக்கலாம். ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்த பிரௌசிங் சென்டரிலோ, முகவரியை நோக்கும் கருவி இரண்டாமவரைத் தடுத்துவிடும். எனவே அவ்வெண்ணிக்கையை மக்கட் கருத்தெனக் கொள்ளுதல் பிழை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையை இதற்கு முன்னோடி எனச் சிலர் எழுதுவர். அது பொருந்தாது. முதற் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அம்முறை, தகுதியுடையார் பெயரோலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தது, வாக்குகளை எண்ணியதன்று. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. யார் பெயர் ஓலையில் ஏறலாம், யார் பெயர் ஏறலாகாது என்பதை அச்சபை வெளிப்படையாகக் கல்லில் எழுதிவைத்தது. வலைவழி வாக்கெடுப்பில் அவ்வரையறை சொல்லப்படுவதில்லை. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து லூப் சாலை மீன்கடைகள் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்ததும், கடைகள் அகற்றப்பட்டதும், மீனவர் போராடியதும் அண்மை வரலாறு. புதிய மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ‘கடைகள் அகற்றப்பட வேண்டுமா?’ என ஒரு தளம் அந்நாளில் வாக்குக் கருவி வைத்திருப்பின், அச்சாலையிற் கார் ஓட்டுவார் விடை மிகுதியாகக் கிடைத்திருக்கும். விடியலில் வலையிலிருந்து மீன் கழிப்பாரும் கூடையோடு அமர்வாரும் அத்தளத்திற்கு வருதல் அரிது. நூறு வாக்கு என்னும் எண் எவரை விடுத்தது என்பதை அவ்வெண் சொல்லாது.

இனிப் பெட்டகத்தின் கதை. ஹாலோஸ்கேன் 2008இல் ஜேஎஸ்-கிட் நிறுவனத்தின் கைப்பட்டு 2010இல் மூடப்பட்டது. மறுமொழிகளைக் கோப்பாகப் பெறவோ கட்டணக் கருவிக்கு மாறவோ பதிவர்க்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. எழுதுவதை முன்பே நிறுத்திவிட்டவர் அவ்வறிவிப்பைக் கண்டிரார். பிளாக்கர் தளங்களில் 2013 முதல் சேர்ந்த கூகுள் பிளஸ் மறுமொழிகள் 2019இல் அச்சேவையோடு அழிந்தன. 2007இல் தோன்றிய டிஸ்கஸ் இன்றும் உளது. 2017இல் அது விளம்பரத் தரவுத் தொழில்புரியும் ஸீட்டா நிறுவனத்தின் உடைமையாயிற்று. வாசகரைப் பின்தொடர்ந்து தரவு திரட்டியதன் பொருட்டு அதற்குத் தண்டம் விதிக்கக் கருதுவதாக நார்வே நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் 2021இல் அறிவித்தது. தமிழ்மணத்தின் இயக்கமும் பின்னாளில் நின்றது. இடுகைகள் பதிவர் பக்கங்களில் இருத்தலின் பிழைத்தன. அவை பெற்ற வாக்குகள் பட்டையோடு போயின.

இணைய ஆவணகம் 1996 முதல் பக்கங்களைப் படியெடுத்து வருதல் உண்மையே. ஆயின் அயல் வழங்கியினின்று நிரல்வழி வரும் மறுமொழிகள் அப்படியிற் பெரும்பாலும் அகப்படா. ஆழிப்பேரலை நாள்களின் பதிவுகளை ஆராய்வார், பிளாக்கரின் சொந்த மறுமொழி கொண்ட தளம் எது, ஒட்டுக்கருவி கொண்ட தளம் எது என முதலிற் பிரித்தறிதல் வேண்டும். முன்னதில் உரையாடல் இருக்கும். பின்னதில் மறுமொழி இருந்த இடம் மட்டும், சிலவற்றில் அதன் தலைப்போடு, எஞ்சியிருக்கும். அன்று பெறப்பட்ட கோப்பு எந்தப் பதிவர் வீட்டுப் பழைய கணினியிலேனும் உளதா எனக் கேட்டறிதலே அத்தளங்களுக்கு இப்பொழுது உள்ள வழி.