கோத்தர் கைவினை

நீலகிரிக் கோத்தர் பழங்குடியினரின் கொல்லு வேலை, பொன் வெள்ளி வேலை, தச்சு, மண்பாண்டம் ஆகியவற்றின் தொகுப்பு. கோத்தர் ஏழு ஊர்களில் வாழ்கின்றனர். ஊரைக் கோக்கால் என்பர். கோத்தகிரி அவர்கள் பெயரைத் தாங்கிய ஊர். உலைக்களமும் உளியும் ஆண்கள் கையில், மண்பாண்டம் பெண்கள் கையில். அண்டைக் குடியினரான படகர் உழுத கலப்பைக் கொழுவும், அக்கம்பக்கத்தார் அணிந்த வெள்ளி நகையும், தோடர் வீட்டுப் பானையும் இவர்கள் செய்தவை. பதிலுக்குப் படகரிடமிருந்து தானியமும் தோடரிடமிருந்து நெய்யும் வந்தன. அவர்கள் சாவு வீட்டில் இசை வாசித்தவர்களும் கோத்தரே. ஆகவே இது ஒரு குடியின் கலை என்பதைவிட மலை முழுவதற்குமான உற்பத்தி முறை என்பதே பொருந்தும்.

பிறருக்குச் செய்துகொடுத்த பண்டம் எப்படிச் செய்தவரின் மரபாகும் என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய எழுத்தாளர்கள் பலர் கோத்தரை ஏவல் வேலைக்காரராகவே கண்டார்கள்; எருமைகளோடு வாழ்ந்த தோடர் மீதிருந்த மோகம் அவர்கள் கண்ணை மறைத்தது. ஆனால் கோத்தர் தெய்வமான கம்பட்டராயர் திருவிழாவில் கோயிலருகே உலை மூட்டி இரும்பு வேலை செய்ததை அக்காலப் பதிவுகளே சொல்கின்றன. வெறும் கூலித் தொழிலைத் தெய்வத்தின் முன் யாரும் சடங்காக்குவதில்லை. கனடாவின் பசிபிக் கரையோர ஹைடா மக்களும் கப்பலில் வந்த அந்நியருக்கு விற்கவே கரிய ஆர்ஜிலைட் கல் சிற்பங்களைச் செதுக்கத் தொடங்கினர். சார்லஸ் ஈடன்ஷா (1839–1920) போன்றோரின் வெள்ளிக் காப்புகளையும் வெளியார் விரும்பி வாங்கினர். அவை ஹைடா மரபல்ல என்று இன்று எவரும் வாதிடுவதில்லை.

மரபின் தொன்மையை நிறுவ, நீலகிரியின் பழைய கல்வட்டக் கல்லறைகளைச் சிலர் துணைக்கழைப்பதுண்டு. நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றைத் தோண்டிப் பொன் நகைகள், வெண்கலக் கிண்ணங்கள், மூடியில் விலங்கு உருவம் அமைந்த மண்கலங்கள் ஆகியவற்றை எடுத்தார். 1873இல், அவர் இறந்தபின், அவருடைய நூல் வெளிவந்தது. அந்தப் பொருள்களைச் செய்தவர்கள் கோத்தரின் முன்னோர் என்பதற்குச் சான்றில்லை. ஆர்வம் புரிகிறது, ஆனால் இந்தக் கடன் வாங்கிய பழமை கோத்தருக்குத் தேவையே இல்லை.

இந்தக் கைவினை தளர்ந்ததற்குத் திறமை குன்றியது காரணமன்று, கொள்வோர் விலகியதே காரணம். ஊட்டி, குன்னூர் சந்தைகளில் மலிவான இரும்புச் சாமானும் உலோகப் பாத்திரமும் வந்து குவிந்தன. படகர் சாமை, ராகியிலிருந்து உருளைக்கிழங்குக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறியபோது, தானியம் அளக்கும் வழக்கமே அர்த்தமிழந்தது. 1930களில் சீர்திருத்தம் பேசிய படகர்கள் சாவுச் சடங்கில் கோத்தர் இசை வேண்டாம் என்றதால் எழுந்த பூசல்களை, 1937இல் இங்கு கள ஆய்வைத் தொடங்கிய மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் விவரித்திருக்கிறார். இந்த முறிவைக் கோத்தருக்கு வெறும் இழப்பாக எண்ணுவதும் தவறு. பழைய உறவில் இழிவும் கலந்திருந்தது. பலர் உழவுக்கும் அரசு வேலைக்கும் போனது அவர்களே தேர்ந்த வழி.

தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவரும் உடுத்துபவரும் ஒரே குடியினர் என்பதால் உரிமையை வரையறுப்பது அங்கே எளிது. கோத்தர் வெள்ளி வேலைக்கு அந்த வசதி இல்லை. காட்சிக்கு வைக்கும்போது அணிந்தவர் பெயரில் மட்டும் நகையை அடையாளப்படுத்தினால், அதை வார்த்தவர் மறைந்துபோவார். நீலகிரி நகைகளுக்குக் குறைந்தது இரண்டு குடிகளின் பெயராவது எழுதப்பட வேண்டும்.