புதியன எத்தனை?

யப்பானிலே மச்சிடா என்னும் ஊரில், சற்றோஷி தஜிரி என்ற சிறுவன் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதிற் பேரார்வம் கொண்டிருந்தான். அவ்வார்வமே பின்னாளில், 1996 பெப்ரவரியில், போக்கிமான் என்னும் மின்னணு விளையாட்டாக உருப்பெற்றது. விநோதப் பிராணிகளைத் தேடிப் பிடித்துத் தொகையை நிரப்புவதே அதன் நோக்கம். 150 பிராணிகளோடு, வேலை முடியுந் தறுவாயில் எஞ்சிய சிறிதளவு நினைவகத்தில் இரகசியமாகப் புகுத்தப்பெற்ற மியூவும் சேரத் தொகை 151 ஆயிற்று.

இனி எத்தனை சேர்ப்பது? 1999இல் 100, 2002இல் 135, 2006இல் 107 எனப் புதியன வந்தன. 2010இலோ 156, முதற்றொகையையே விஞ்சிவிட்டது. அதுமட்டுமன்று, கதை முடியும்வரை பழையன எவையும் தோன்றா என்றும் துணிந்து விதித்தனர். 2013இல் வந்தவை 72 மட்டுமே. தட்டைச் சித்திரங்கள் நீங்கி, பழையன உட்பட ஒவ்வொரு பிராணியும் முப்பரிமாண உருவம் பெறவேண்டியிருந்த ஆண்டு அது. ஆற அமரப் பழகி நினைவிற் கொள்வதற்கு அவ்வளவே நல்ல அளவெனலாம்.

ஆயினும் சுமை குறையவில்லை. பழையன யாவும் புதிய ஆட்டத்தில் இடம்பெறா என 2019 யூனில் அறிவிக்கப்பட்டபோது இரசிகர் கொதித்தெழுந்தனர். 2002ஆம் ஆண்டின் ஆட்டத்திற் பிடித்த பிராணியைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக் கட்டிக்காத்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கு அது வெறும் எண்ணிக்கை விவகாரமன்று. 2022இல் மேலும் 103 சேர்ந்து மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிற்று. அவ்வாட்டம் வெளிவந்தபோது அதன் நிலப்பரப்பிற்குரிய பட்டியலில் இருந்தவையோ 400.