முதுமையில் சுருங்கும் கையசைவு: ஜூபின் மேத்தாவின் நடத்துமுறை மாற்றம்

மேலை இசைக்குழுவில் எண்பது, நூறு கலைஞர்களின் முன்னே நின்று, தாம் ஓர் ஒலியும் எழுப்பாமல், கையசைவாலும் பார்வையாலும் அவர்கள் அனைவரையும் ஒரே காலப்பிரமாணத்தில் செலுத்துபவரே இசை நடத்துநர். கொங்கு நாட்டு வள்ளி கும்மியில் ஆசிரியர் பாட்டை எடுத்துக் கொடுத்து ஆட்டத்தின் கதியைத் தம் குரலாலேயே பிடித்து வைத்திருக்கிறார். நடத்துநருக்கு அந்தக் குரலும் இல்லை, உடலே கருவி என்பதால், அவ்வுடல் மூப்படையும்போது கலை என்னவாகிறது என்பது ஆராயத்தக்க வினாவாகிறது.

வயது ஏற வேகம் குறையும் என்பது பொதுக் கருத்து. பெர்லினின் க்ரோல் ஆப்பராவில் 1927 முதல் 1931 வரை விறுவிறுப்பான புதுமைவாதியாக விளங்கிய ஒட்டோ க்ளெம்பரர், மூளை அறுவை சிகிச்சைக்கும் பின்னர் நேர்ந்த விபத்துக்கும் பிறகு, லண்டன் ஃபில்ஹார்மோனியாவை அமர்ந்தபடி, மலைபோன்ற நிதானத்துடன் நடத்தினார். ஆனால் ஆர்துரோ டொஸ்கனினி இதற்கு நேரெதிர்: 1931இல் மிக நீண்ட 'பார்சிஃபல்' ஆப்பரா நிகழ்ச்சியை அளித்த அவர், இறுதிக்கால நியூயார்க் ஒலிப்பதிவுகளில் இறுக்கமும் விரைவும் கொண்டவரானார். ஆகவே வேகத்தை மட்டும் அளந்து முதுமை நடையை மதிப்பிட இயலாது; கையசைவையும் பார்க்க வேண்டும். அதற்கு ஜூபின் மேத்தா நல்ல சான்று.

1936இல் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா, வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். இசைக்குறிப்பின் கட்டமைப்பைத் துல்லியமாக அறிவதும், தேவைக்கு மேல் கையை வீசாதிருப்பதும் அவ்வாசிரியரின் பாடம். ஆயினும் 1962இல், 26 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவின் பொறுப்பேற்ற மேத்தாவை உலகம் கொண்டாடியது அகன்ற வீச்சுக்கும் பித்தளைக் கருவிகளின் முழக்கத்துக்குமே. 1975இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் அவர் பதிவு செய்த மாலரின் இரண்டாம் சிம்பொனி அந்த ஆற்றலின் உச்சம். 2005 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாக, பவேரிய அரசு இசைக்குழுவுடன் சென்னை மியூசிக் அகாதமியில் அவர் நிகழ்ச்சி நடத்தியபோது வயது 69.

பின்னாளில் நோயுற்று மீண்டு, 2019 அக்டோபரில் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கிடமிருந்து விடைபெற்றபோது, அதே மாலர் சிம்பொனியைச் சுருங்கிய கையசைவுகளோடு அமர்ந்தவாறே நடத்தினார். பெரும் கோரஸும், மேடைக்கு வெளியே மறைவாக ஒலிக்கும் பித்தளைக் கருவிகளும் சேரும் இப்படைப்பில், நடத்துநரின் கை சிறுத்தால் கலைஞர்கள் கண்ணைவிடக் காதையே நம்பி ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க நேர்கிறது. ஆலோசகராக 1969இலும் இயக்குநராக 1977இலும் பொறுப்பேற்று, ஐம்பது ஆண்டுகள் உடனிருந்த குழுவிடம் அந்தச் செவிப்பழக்கம் ஊறியிருந்தது. ஆகவே இம்மாற்றத்தை உடற்சோர்வின் விளைவாக மட்டும் கொள்வது குறைமதிப்பீடு. ஸ்வரோவ்ஸ்கியின் சிக்கனப் பாடம் அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துக் கனிந்தது என்பதும், முதுமை நடை நடத்துநரும் குழுவும் சேர்ந்து ஈட்டிய பொதுச்சொத்து என்பதுமே பொருத்தமான விளக்கம்.

டொஸ்கனினி நடத்துகோலைக் கீழே வைத்தது 87ஆம் வயதில். அதே வயதில், 2023 ஆகஸ்டில், தந்தை மெஹ்லி மேத்தா 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கிய நகரில், தமக்கு முன்பழக்கமோ அத்தகைய பொதுச்சொத்தோ இல்லாத இந்திய சிம்பொனி இசைக்குழுவை மேத்தா முதன்முறையாக நடத்தினார்.